நடு இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, அம்மாவுக்கு என்ன செய்யலாம்?

கருக்கல் (இழையைத் தொடங்கியவர்)

இதை எழுதும்போது மணி 3:20. பக்கத்து அறையில் அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு மணி வாக்கில் ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அலமாரிக் கதவைப் பிடித்துத் தொங்குகிறார். இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். கூழாங்கல்லைத் தோலுக்குள் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியும் பள்ளம் விழவில்லை. பாதம் கீழ்நோக்கி வளைந்து, பெருவிரல் விறைத்து நின்றது. இளகுவதற்கு ஐந்தாறு நிமிடம் ஆகிவிட்டது. அதுவரை என்ன செய்வதென்று தெரியாமல் நான் வெறுமனே தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

விசாரித்த பிறகுதான் தெரிகிறது, மூன்று மாதமாக இப்படித்தானாம். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் வருகிறதாம். எங்களை எழுப்பக் கூடாது என்று தலையணை முனையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் சில நாள் விடியும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறார். இதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்கள் வீட்டில் இதை 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்பார்கள். தைலம் தேய்ப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பிடித்த அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? வராமல் தடுக்க வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டக்காரன்

பிடித்த நேரத்துக்கு மட்டும் சொல்கிறேன். முழங்காலை நீட்டிவைத்துக்கொண்டு பாதத்தை முகத்தின் பக்கமாக மடக்குங்கள். நான் நீண்ட தூரம் ஓடுகிறவன், அதிகமாக ஓடிய நாளில் இரவு கட்டாயம் வரும். விரல் நுனியைக் கீழே நீட்டினால் இன்னும் இறுகும், மேலே இழுத்தால் இளகும். தேய்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தசைநார்

கருக்கல், அம்மா விழாமல் தப்பியதே பெரிய விஷயம். நான் பிசியோதெரபி பார்க்கிறவன். கால் பிடித்த வலியோடு வருகிறவர்களை விட, அந்த வலியில் இருட்டில் துள்ளி எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வருகிற பெரியவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அதனால் முதல் வேலையாக, பிடித்தவுடன் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். உட்கார்ந்தபடியே இளக்கிவிட முடியும்.

நீளமான துண்டு ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். கால் பிடித்ததும் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, காலை நீட்டி, துண்டின் நடுப்பகுதியை முன்பாதத்தில் மாட்ட வேண்டும். விரல்களுக்குக் கீழே ஒரு மேடு இருக்கிறதே, அந்த இடத்தில். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். முழங்கால் மடங்கினால் பலன் பாதிதான். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். கிணற்றிலிருந்து நிறைகுடத்தைத் தூக்குகிற மாதிரி நிதானமாக, ஒரே சீராக இழுத்து, அப்படியே நிறுத்த வேண்டும். முதல் பத்து இருபது வினாடிக்கு வலி கூடுகிற மாதிரிகூட இருக்கும். அந்த இடத்தில்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

நீங்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம். அவர் படுத்தே இருக்கட்டும். ஒரு கையால் அவருடைய குதிகாலை ஏந்திக்கொள்ளுங்கள். அதே கையின் முன்கை அவர் உள்ளங்காலோடு ஒட்டியிருக்கட்டும். மறு கை அவர் முழங்காலுக்குச் சற்று மேலே. இப்போது உங்கள் உடம்பை அவர் தலைப்பக்கமாகச் சாய்த்தால் போதும், உங்கள் முன்கை அவர் பாதத்தைத் தானாக மேலே மடக்கும். விரலை மட்டும் பிடித்து இழுத்துச் சிரமப்பட வேண்டியதில்லை.

ஏன் இரவில் வருகிறது? கெண்டைக்கால் தசை முழங்காலுக்கு மேலே தொடங்கிக் குதிகாலில் போய் முடிகிறது. படுக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும், தசை சுருங்கின நிலையில் கிடக்கும். ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிற தசைக்கு ஒரு சின்னத் தூண்டல் போனாலும் அது முழுக்க இறுகிவிடுகிறது. வீட்டில் 'நரம்பு இழுக்கிறது' என்று சொல்வதும் ஒரு வகையில் சரிதான். இறுகுவது தசை, இறுகு இறுகு என்று விடாமல் அதற்குச் சொல்வது நரம்பு. நாம் நீட்டிப் பிடிக்கும்போது, தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணில் உள்ள உணர்விகள் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பி, அந்தத் தூண்டலை அடக்குகின்றன.

தடுக்கிற வழி என்றால், படுக்கப் போகும் முன் நீட்டுவது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைக்க வேண்டும். பின்கால் முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், சுவர்ப்பக்கம் சாய வேண்டும். கெண்டையில் இழுவை தெரியும். 10 வினாடி நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் 3 முறை. கூடவே, உட்கார்ந்து காலை நீட்டி முன்னால் குனிந்து தொடையின் பின்பக்கத்தையும் அதேபோல் நீட்ட வேண்டும். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. 6 வாரம் தினமும் படுக்கும் முன் இப்படி நீட்டியவர்களுக்குப் பிடிப்பு வருவதும் குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. எல்லா ஆய்வுகளும் இப்படி ஒரே குரலில் பேசவில்லை, பலன் இல்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு. ஆனால் மூன்று நிமிட வேலை, பக்கவிளைவு கிடையாது. நான் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன்.

கனமான போர்வையைக் காலடியில் மெத்தைக்குள் செருகாதீர்கள். அதன் பாரமே பாதத்தைக் கீழே அழுத்தும். குப்புறப் படுக்கிற பழக்கம் இருந்தால் பாதங்கள் மெத்தை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும்.

நிலாமுற்றம்

எனக்கு எட்டு வருடமாக இருந்தது. படுக்கை விரிப்புக்கு அடியில் காலடியில் ஒரு சோப்புக் கட்டி வைக்கச் சொன்னார்கள். வைத்த பிறகு நிறையக் குறைந்துவிட்டது. காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது, பலன் கிடைத்ததைச் சொல்கிறேன்.

மருந்துச்சீட்டு

நிலாமுற்றம் அக்கா, உங்களுக்குக் குறைந்தது நல்லதுதான், அப்படியே இருங்கள். ஆனால் இந்தப் பிடிப்பு சில மாதம் அடிக்கடி வந்து, பிறகு தானாகவே ஓய்ந்துபோகிற குணம் கொண்டது. ஓய்கிற நேரத்தில் நாம் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். சோப்பு தசையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு எந்த விளக்கமும் இல்லை. வைப்பதால் கெடுதல் இல்லை. அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் என் கவலை.

கருக்கல், நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஒரே கேள்வி: அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், அதில் எது கடைசியாகச் சேர்ந்தது? கால் பிடிப்பு என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மருந்துப் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2012இல் வந்தது. மூச்சிரைப்புக்கான நீண்ட நேர இன்ஹேலர்கள், சிறுநீரைக் கூட்டுகிற நீர் மாத்திரைகள் இவற்றைத் தொடங்கியவர்கள், பிறகு கால் பிடிப்புக்கு மருந்து வாங்குவது கூடியிருந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினிலும் தொடர்பு தெரிந்தது, ஆனால் மிகக் குறைவு. மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள்.

விடிவெள்ளி

எனக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. ஐந்து நாளாக இதே தொல்லை. இரவில் புரண்டு படுத்து சோம்பல் முறிக்கும்போது சரியாகப் பிடித்துக்கொள்கிறது. வயிறு இருப்பதால் குனிந்து காலைப் பிடிக்கவும் முடியவில்லை. மக்னீசியம் மாத்திரை சாப்பிட்டால் போகும் என்று தோழி சொல்கிறாள். வாங்கலாமா?

தசைநார்

விடிவெள்ளி, சோம்பல் முறிக்கும்போது விரல்களைக் கீழே நீட்டாதீர்கள். குதிகாலை முன்னே தள்ளி, விரல்களை உங்கள் பக்கம் வைத்துச் சோம்பல் முறியுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பேருக்கு நிம்மதி கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். குனிய முடியாததற்குத் துண்டுதான் வழி. கணவர் பக்கத்தில் இருந்தால் மேலே சொன்ன முன்கை முறையை அவருக்குப் பகலிலேயே இரண்டு தடவை செய்துகாட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிற வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடுதல். பிடிப்பு என்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுநாள் லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகவோ சிவந்தோ இருந்து, வலி விடாமல் நின்றால் அது வேறு. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், அந்தக் காலை அழுத்தித் தேய்க்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மருந்துச்சீட்டு

மக்னீசியம் கேள்விக்கு: கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வுகள் சில பலன் என்றும் சில பலன் இல்லை என்றும் சொல்கின்றன. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற சத்து மாத்திரையிலேயே அது இருக்கலாம். அடுத்த பரிசோதனையில் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரியவர்களுக்கோ விடை கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது. 11 ஆய்வுகள், 735 பேர் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்டது. வயதானவர்களின் கால் பிடிப்பைத் தடுப்பதில் மக்னீசியத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இருக்க வாய்ப்பில்லை என்றது. இஸ்ரேலில் 94 பேரிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பிடிப்பு ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. நான் சொன்ன 'தானாக ஓய்வது' அங்கேயும் தெரிகிறது. மக்னீசியத்தால் வயிற்றுப்போக்கு வரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் சேர்ந்து ஆபத்தாகும். பொட்டாசியம் மாத்திரையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும், ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடவே கூடாது.

புதிதாக நம்பிக்கை தருவது வைட்டமின் கே2. சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 199 பேரிடம் 8 வாரம், தினம் 180 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவுப்படி வாரத்துக்கு இரண்டரை முறைக்குமேல் வந்தது சுமார் ஒன்றாகக் குறைந்தது. ஒரே ஆய்வு என்பதால் வேறு இடங்களிலும் செய்து பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதை வாங்கவே கூடாது, அந்த மருந்தின் வேலையை இது நேராகக் கெடுக்கும்.

ஊதாப்பூ

இரவில் எனக்கும் கால் படுத்தும், ஆனால் இறுகாது. உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி, காலை அசைத்தே ஆக வேண்டும் போல ஒரு தவிப்பு. எழுந்து நடந்தால் போய்விடும், படுத்தால் மறுபடி தொடங்கும். இதுவும் இதுதானா?

தசைநார்

இல்லை, ஊதாப்பூ. நீங்கள் சொல்வது அமைதியற்ற கால்கள் என்கிற தனிப் பிரச்சினையாக இருக்கலாம். பிடிப்பில் சதை கல்லாகும், நடந்தாலும் உடனே போகாது. உங்களுடையதில் இறுக்கம் இல்லை, அசைத்தால் போகிறது. இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. மருத்துவரிடம் அதைக் கேட்டு எடுங்கள்.

மூத்தவன்

எனக்கு 74 வயது. இந்த வலியோடு நீண்ட காலம் வாழ்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். முன்பெல்லாம் இதற்குக் குயினைன் மாத்திரை எழுதிக்கொடுப்பார்கள். நானே சாப்பிட்டிருக்கிறேன், குறையத்தான் செய்தது. பிறகு ஒரு மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். தம்பிகள் அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு ஒரு சுலபமான வழி கிடைத்திருக்கிறது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் வலது பாதமும் விரல்களும் வலிக்கத் தொடங்கும். எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். இப்போது பல நாள் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறேன். கருக்கல் தாயாரும் காலைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

மருந்துச்சீட்டு

ஐயா, குயினைன் பிடிப்பை ஓரளவு குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சிலருக்கு, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களைத் திடீரென்று தரைமட்டமாக்கிவிடும், இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கும். உயிர் போயிருக்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதியில்லாத குயினைன் மருந்துகளைச் சந்தையிலிருந்து விலக்க உத்தரவிட்டது, கால் பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தொடர்ந்து எச்சரித்தும் வருகிறது. அங்கே அது மலேரியாவுக்கு மட்டும்தான். உங்கள் மருத்துவர் நிறுத்தியது நல்ல முடிவு.

தசைநார்

மூத்தவன் ஐயா, உங்கள் இரண்டாவது பத்தியை மூன்று தடவை படித்தேன். தயவுசெய்து சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் போகிறதா? வலது பாதம் இடதைவிடச் சில்லென்று இருக்கிறதா? ஆறாத புண் ஏதாவது உண்டா? சர்க்கரை, புகைப் பழக்கம்?

மூத்தவன்

முந்நூறு அடி நடந்தால் வலது கெண்டை கனக்கும், நின்று போவேன். வயது என்று நினைத்தேன். பாதம் சில்லென்றுதான் இருக்கும். பெருவிரல் ஓரத்தில் செருப்பு கடித்த புண் ஒன்று ஒரு மாதமாக இருக்கிறது. புகை 40 வருடம், விட்டு இரண்டு வருடம் ஆகிறது. சர்க்கரை உண்டு.

தசைநார்

ஐயா, இது தசைப் பிடிப்பு இல்லை என்று நினைக்கிறேன். காலுக்கு வருகிற ரத்தக் குழாய் அடைபட்டால் இப்படித்தான் இருக்கும். படுத்தால் ரத்தம் பாதத்துக்கு ஏறிப் போய்ச் சேர்வதில்லை, தொங்கவிட்டால் தன் எடையால் இறங்குகிறது, அதனால்தான் வலி அடங்குகிறது. புண்ணும் இருப்பதால் இந்த வாரமே ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். அதுவரை அந்தக் காலில் வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம், சர்க்கரையால் உணர்வு மங்கியிருந்தால் சூடு பட்டதே தெரியாது, வெந்துவிடும். கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள் ஐயா. போனதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

கருக்கல்

மாத்திரை அட்டைகளைக் கொட்டிப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். புது அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு மருந்து போட்டிருக்கிறது, ஒன்று ஹைட்ரோகுளோரோதயசைடு. பிடிப்பு தொடங்கியது அதற்கு ஒரு மாதம் கழித்து. இன்றே நிறுத்திவிடலாமா?

மருந்துச்சீட்டு

நிறுத்தக் கூடாது. அழுத்தம் திடீரென்று ஏறினால் கால் பிடிப்பைவிடப் பெரிய விபரீதம். அது நீர் மாத்திரைதான், பொட்டாசியம், சோடியம், மக்னீசியம் எல்லாவற்றையும் சிறுநீரோடு வெளியேற்றக்கூடியது. மாத்திரை தொடங்கிய தேதி, பிடிப்பு தொடங்கிய தேதி இரண்டையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் உப்புகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கால்சியம், சர்க்கரை, தைராய்டு பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் சோர்ந்துபோக வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பிடிப்புக்குக் காரணம் என்று தனியாக ஒன்றும் அகப்படாது.

ஓட்டக்காரன்

இடையில் ஒன்று. வெள்ளரிக்காய் ஊறுகிற உப்பு வினிகர் நீரை ஓட்டக்காரர்கள் ஒரு மடக்குக் குடிப்பார்கள். 2010இல் வெளியான சோதனையில், மின்சாரத்தால் காலில் பிடிப்பை வரவழைத்துவிட்டு இதைக் குடிக்கக் கொடுத்தார்கள். சுமார் ஒன்றரை நிமிடத்தில் விட்டது, தண்ணீர் குடித்தவர்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு வேகத்தில் உப்பு ரத்தத்தில் சேரவே முடியாது, ஆகவே தொண்டையில் படுகிற உறைப்பு நரம்பு வழியாகத் தூண்டலை அடக்குகிறது என்று நினைக்கிறார்கள். நீட்டுவதற்கு அது ஈடாகாது. ரத்த அழுத்தம் இருப்பதால் கருக்கல் அம்மாவுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், கோடையில் கூடுமா என்று என் ஓட்டக் குழுவில் கேட்பார்கள். கூடத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் கோடை அமெரிக்காவுக்கு நேர் எதிரான மாதங்களில் வருகிறது, இணையத்தில் இதைத் தேடுவதும் அங்கே அதே மாதங்களில்தான் உச்சத்துக்குப் போவதைக் கவனித்திருக்கிறார்கள்.

கருக்கல் (9 நாள் கழித்து)

மருத்துவரைப் பார்த்தோம். தாளைக் காட்டியதும் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தார். பொட்டாசியம் 3.2 வந்தது, குறைவு. நீர் மாத்திரை இல்லாத வேறு அழுத்த மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். பொட்டாசியம் சிரப்பு ஒரு வாரத்துக்கு மட்டும், பிறகு மறுபரிசோதனை.

சுவர்ப் பயிற்சி ஐந்தாம் நாளாகச் செய்கிறார். முதல் நாள் பின்கால் குதிகால் தரையிலிருந்து எழுந்துகொண்டே இருந்தது. குதிகாலுக்குக் கீழே ஒரு காகிதத்தை வைத்து, நான் அதை உருவ முடியாதபடி மிதித்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது சரியாக வருகிறது. துண்டு தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரவு விளக்கும் போட்டுவிட்டோம்.

இந்த ஒன்பது நாளில் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் என்னை எழுப்பினார். முன்கை முறையில் ஒரு நிமிடத்துக்குள் விட்டுவிட்டது. விரலுக்கடியில் அந்தக் கல் மெல்ல இளகிச் சதையாவதை உணர்ந்தேன். அம்மா எழுப்பினாரே என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

விடிவெள்ளி

குதிகாலைத் தள்ளிச் சோம்பல் முறிப்பது எனக்கும் உதவுகிறது. வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்டேன், சத்து மாத்திரையில் இருக்கிற மக்னீசியமே போதும், தனியாக வேண்டாம் என்றார். உள்ளங்கால் வளைவில் பிடித்தால் என்ன செய்வது? நேற்று அங்கே வந்தது.

தசைநார்

விரல்கள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்து மேல்நோக்கி வளையுங்கள். எட்டவில்லை என்றால் சுவரில் விரல்களை மட்டும் சாய்த்து மிதியுங்கள், பக்கத்தில் பிடிமானம் இருக்கட்டும். தொடையின் பின்பக்கம் பிடித்தால் முழங்காலை நீட்ட வேண்டும், முன்பக்கம் பிடித்தால் மடக்க வேண்டும். எங்கே பிடித்தாலும் தசை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நிதானமாக நீட்டுவதுதான் வேலை.

மூத்தவன் ஐயாவிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா?

மூத்தவன் (மேலும் 12 நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். மருத்துவமனையில் இருந்தேன்.

தம்பி சொன்ன மறுநாளே மகளை அழைத்துக்கொண்டு போனேன். கையிலும் கணுக்காலிலும் அழுத்தப் பட்டை கட்டி, பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தின் மேல் வைத்துக் கேட்டார்கள். இடது காலில் 'உஸ் உஸ்' என்று துடிப்பு நன்றாகக் கேட்டது. வலது காலில் கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினார் அந்தப் பெண். மெலிதாக, தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்களாம். 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. எனக்கு வலது காலில் 0.4.

தொடையில் இருந்த அடைப்பைப் பலூன் வைத்துத் திறந்திருக்கிறார்கள். புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றுகிறார்கள், ஓரம் சிவப்பாகத் துளிர்க்கிறது என்கிறார் செவிலியர். இன்னும் மூன்று மாதம் தள்ளியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று மருத்துவர் மகளிடம் சொன்னாராம்.

நேற்று இரவு நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலில் காலை நீட்டிப் படுத்து ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

தசைநார்

ஐயா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. நடைப் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புண் ஆறும்வரை அந்தக் காலில் செருப்பு எங்கும் அழுத்தக் கூடாது. இடது பாதத்தையும் தினம் ஒரு தடவை, விரல் இடுக்கு உட்பட, மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருக்கல்

ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உடனே இரண்டு காலையும் நீட்டி, பாதம் சில்லென்று இருக்கிறதா பார் என்றார். வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. மறுபரிசோதனையில் பொட்டாசியம் 4.1. இந்த வாரம் ஒரே ஒரு தடவை பிடித்ததாம். துண்டைப் போட்டு அவரே இழுத்துவிட்டிருக்கிறார், காலையில்தான் எங்களுக்குச் சொன்னார். பயிற்சியை இன்னும் எவ்வளவு நாள் செய்ய வேண்டும்?

தசைநார்

நிறுத்த வேண்டாம், கருக்கல். பல் துலக்குகிற மாதிரி படுக்கும் முன் அதுவும் இருக்கட்டும். அவர் சுவரில் சாயும்போது தரையில் ஈரம் இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.